ஈரக்கோடு

வூஜோவில் ஆறு வடிந்து ஒரு மாதம்.
வீடுவீடாகப் போய்ச் சுவரை அளப்பது என் வேலை.
தண்ணீர் எதுவரை நின்றதென்று
மனிதர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்,
சுண்ணாம்பு உள்ளதைச் சொல்லும்.
காப்பீட்டுக் கம்பெனியில் ஒன்பது வருஷம்,
எந்தச் சுவரும் என்னிடம் பொய் சொன்னதில்லை.

மத்தியானம் சாப்பிட்டால்
கண்மேல் ஈரத்துணி போட்டாற்போல் தூக்கம்.
இரண்டு வாய்க்கே வயிறு மத்தளம்.
காலையில் இரண்டு முறை ஓட்டம்,
மூன்றாவதற்குப் பயந்து
பேருந்தில் கதவோரம் நிற்கிறேன்.
போன குளிர்காலத்திலிருந்து இப்படி.

மருத்துவர் பான் யூஜென்னுக்கு என் வயதுதான் இருக்கும்.
ஜன்னலோரம் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னாள்,
கைப்பேசியில் படமெடுத்து எனக்கே காட்டினாள்.
வெளிறி, உப்பி, விளிம்பெல்லாம் பல்தடம்.
மேலே வழவழவென்று ஒரு வெள்ளைப் பூச்சு.
நாக்கின்மேல் பல்லைப் போட்டு
ஒருவரையும் பேசியவளில்லை நான்.
பிறகு யார் கடித்தது?

"யாரும் கடிக்கவில்லை.
வீங்கிய நாக்கு பல்லில் சாய்ந்திருக்கிறது.
மண்ணீரல் தளர்ந்திருக்கிறது."

வலது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
நடுவிரலை மட்டும் அழுத்தினாள்.
நெடுநேரம்.
சுவர்முன் நிற்கும்போது நானும் இப்படித்தான்,
யாரோடும் பேசமாட்டேன்.

"மண்ணீரல் மண்ணைச் சேர்ந்தது.
மண்ணுக்கு ஈரம் வேண்டும். சேறு ஆகாது."
குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டாள்:
"சாப்பிடும்போது எதை நினைத்துக்கொண்டிருப்பாய்?"

கோப்புகளை, என்றேன்.
நோங் தாஷுன் என்ற பெயரைச் சொல்லவில்லை.
அரிசி நூடுல்ஸ் கடை, ஆற்றிலிருந்து இரண்டாவது தெரு.
எழுபது செண்டிமீட்டருக்கு மேல் நின்றால்தான் இழப்பீடு.
அவன் சுவரில் அறுபத்தாறு.
நான் எழுதியது சரியான எண்.
அந்தச் சரியான எண்ணைத்தான்
சோறோடு சோறாக மென்று,
அரைத்த மாவையே அரைத்து,
விழுங்கவும் துப்பவும் முடியாமல்.

"சோறும் யோசனையும்
ஒரே அடுப்பில்தான் வேகின்றன," என்றாள் யூஜென்,
நான் சொல்லாததைக் கேட்டவள்போல.

ஐஸ் போட்ட கரும்புச்சாறு கூடாது. பச்சைக் காய் கூடாது.
தர்ப்பூசணி என்று நான் தொடங்கியதும் முறைத்தாள்.
வெள்ளை வள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தின்னலாம்,
சுடக் குடிக்கக் குழைந்த கஞ்சி.
பொட்டலத்தில் ஜின்செங், ஏதோ ஒரு வேர்,
பைன் வேரில் விளையும் காளான், அதிமதுரம்.
நான்கு கனவான்கள் என்று பெயராம்,
ஒருவருக்கும் குரல் உயராதாம்.
"எடை குறைந்தாலோ இரத்தம் கண்டாலோ
இங்கே வராதே, மாடிக்குப் போ.
குழாய் விட்டுப் பார்க்கட்டும்."

முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் தள்ளி
வெளிப்பக்கமாக ஓர் இடம்,
தினமும் அழுத்தச் சொன்னாள்.
இரவில் கட்டிலில் உட்கார்ந்து
நாலு விரலை வைத்து அளப்பேன்.
அளவு என்னை விடுவதாக இல்லை.

ஒன்பதாம் நாள் விடியலில்
இரண்டாவது தெருவுக்குப் போனேன்.
கடை அடைத்திருந்தது, வாசலில் தள்ளுவண்டி.
தலைக்கவசமும் அளவுப்பட்டையும் இல்லாமலே
நோங் என்னைக் கண்டுகொண்டான்.
"நூடுல்ஸா, கஞ்சியா?"
கஞ்சி.
கேட்காமலே இஞ்சி கிள்ளிப் போட்டான்.
அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்,
கோடு இன்னும் பழுப்பாகவே இருந்தது.
கோப்பு இல்லை, கைப்பேசி பையில்.
மன்னிப்புக் கேட்கவில்லை, எண் சரியானதுதான்.
கிண்ணத்தில் பாதிக்குமேல் இறங்கிய பிறகு
கழுத்தில் வியர்த்தது.

மறுநாள் காலை ஒரே ஓட்டம்தான்.
அதை முன்னேற்றமென்று எழுத யூஜென் மறுத்துவிட்டாள்.

அன்று காசு கொடுக்கும்போது நோங்கிடம் கேட்டேன்,
இந்தச் சுவர் காய எவ்வளவு நாளாகும்?
வெயிலுக்குக் காயாது, என்றான்.
உள்ளே அடுப்பு எரியணும்.