என்ன முறை

பதினொரு நாள் மூத்தவள் தொஷியே.
அந்தப் பதினொரு நாளைப் பிடித்துக்கொண்டுதான்
அவள் எனக்குத் தாயானாள்,
ஒத்தாரு நகராட்சியில், மூன்றாம் எண் ஜன்னலில்,
பனி கருத்துச் சேறாகிக் கிடந்த
ஒரு மார்ச் மாதக் காலையில்.

தத்தெடுப்பவர் ஒரே ஒரு நாள் மூத்திருந்தாலும் போதும்
என்றார் எழுத்தர்.
எனக்கு நாற்பத்து நான்கு. அவளுக்கும்தான்.
முத்திரை விழுந்தது. தலை நிமிராமல்
"வாழ்த்துகள்" என்றார்.
எதற்கென்று அவரும் சொல்லவில்லை
நாங்களும் கேட்கவில்லை.

எதிர் நூடுல்ஸ் கடையில்
"அம்மா, அந்த மிளகாய்த்தூளை இப்படித் தள்ளு" என்றேன்.
குடித்த சூப் மூக்கில் ஏறி
மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
எங்கள் கல்யாணச் சாப்பாடு என்று
ஏதாவது இருந்தால் அதுதான்.

அதற்கு முந்தைய டிசம்பர் இல்லையென்றால்
இது எதுவும் இல்லை.
மீன் ஆலையில் சுருண்டு விழுந்தவளை
வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.
செவிலி கேட்டாள்:
நீங்கள் அவருக்கு என்ன முறை?

பதினாறு வருடம் ஒரே போர்வை.
எந்தப் பக்கம் படுத்தால் அவளுக்கு இருமல் வரும்
என்று தெரிந்த முதுகு என்னுடையது.
"தோழி" என்றேன்.
கதவை யாரும் அறைந்து சாத்தவில்லை.
விளிம்பில் ரப்பர் வைத்த கதவு,
தானாக, மெதுவாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.
செதில் ஒட்டிய அவள் ரப்பர் பூட்ஸ்
என் மடியில் இருந்தது.
எட்டு வருடமாக அவளோடு பேசாத அண்ணன்
அசாஹிகாவாவிலிருந்து பஸ் பிடித்து வந்து
கையெழுத்துப் போடும்வரை
கத்தி காத்திருந்தது.

இப்போது சப்போரோவில் வழக்கு நடக்கிறது.
முறை இல்லை என்று சொல்லப்பட்டவர்கள்
முறையிடப் போகிற இடம்.
வக்கீல் ஹொனாமி வீட்டுக்கே வந்தாள்,
நீங்களும் சேருங்கள், உங்கள் வயது உதவும் என்றாள்.
எங்கள் குடும்பப் பதிவேட்டின் நகலைப் பார்த்ததும்
பேனாவை மூடிவிட்டாள்.

தாயும் மகளுமாக ஒருமுறை ஆனவர்கள்
தத்தை முறித்துக்கொண்டாலும்
ஒருபோதும் மணந்துகொள்ள முடியாதாம்.
சட்டத்தில் சின்னதாக ஒரு வரி.
நாளைக்கே எல்லோருக்கும் கதவு திறந்தாலும்
எங்களுக்கு நாங்களே வெளியிலிருந்து போட்ட பூட்டு.

"நீ ஏன் அழுகிறாய்?
முறுக்கென்று இருக்கிறது, சாப்பிடு" என்று
அரிசி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளினாள் தொஷியே.
அன்றிரவு வெகுநேரம்
கூரையிலிருந்து பனி சரிகிற சத்தத்தை
இரண்டு பேரும் தூங்குவதாக நடித்துக்கொண்டு
கேட்டோம்.

தீர்ப்பு நாளில் போனோம்.
சும்மா உட்காரத்தான்.
உட்காரவும் குலுக்கல் சீட்டு.
அவள் எண் விழுந்தது, என் எண் விழவில்லை.
"இவள் என் மகள்" என்றாள் காவலாளியிடம்,
அறுபத்து மூன்று வயது மகளைக் காட்டி.
அவன் என் நரையைப் பார்த்தான், அவள் நரையைப் பார்த்தான்.
"ஒருவர்தான், அம்மா."

மறுபடியும் ஒரு நடைக்கூடம்.
மடியில் இந்தமுறை அவள் கோட்டு.
ஆனால் பெஞ்சில் இடமில்லை, அவ்வளவு கூட்டம்.
காது நிறையக் கம்மல் போட்ட ஒரு பிள்ளை எழுந்து
எனக்கு இடம் கொடுத்தது.
உள்ளே இருப்பவர் யார், என்ன முறை
என்று அது கேட்கவே இல்லை.
கேட்டிருக்கலாம். பதில் வைத்திருந்தேன்.

கதவு திறந்தது. கடைசியாக வந்தாள்.
என்ன சொன்னார்?
"தெரியவில்லை. காதுக்கருவியில் பாட்டரி தீர்ந்துவிட்டது."
தொஷியே!
"முன்வரிசையில் இரண்டு பையன்கள்
ஒருவன் கையை ஒருவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.
அதைப் பார்த்தேன்.
அது நல்லதுக்கா கெட்டதுக்கா
என்றுதான் புரியவில்லை.
கோட்டைக் கொடு, குளிருகிறது."