புதன்கிழமை எபிசோடு

எட்டரை மணிக்கு மிருதுளா அழத் தொடங்கும்போது
நான் மாம்பழம் அரிந்துகொண்டிருப்பேன்.
சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரைக்கும் இப்படித்தான்.
காவேரிப்பட்டணத்துக் கூழ் ஆலையில் இரண்டாம் ஷிப்ட்,
கூடை கூடையாய்ப் பெங்களூரா,
விரலிடுக்கில் பால் பட்டு வெந்துபோன தோல்.

மற்ற மாதங்களில் ஒருநாள் விட்டதில்லை நான், மூன்று வருஷமாய்.
மிருதுளாவாக நடித்தவளை மாற்றி
இவருக்குப் பதில் இவர் என்று அட்டை போட்டபோதுகூட
இரண்டே நாள்தான் கோபித்துக்கொண்டேன்.
மூன்றாம் நாள் புதியவளின் மூக்கு பழகிவிட்டது.
நாத்தனார் பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில்
நர்ஸ் அறை டிவி முன்னால் நின்று
திட்டு வாங்கியவள்.

அதனால் சீசனுக்கு ஆள் போட்டுவிட்டேன்,
என் புருஷன் முனிரத்தினத்தை.

விடியக்காலை மூன்று மணிக்கு
ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஓட்டுகிற மனுஷன்.
எட்டுக்கே படுக்க வேண்டியவன்
ஒன்பது வரை கொட்டாவி விட்டுப் பார்த்து
ஒன்பதேகாலுக்குப் போன் போடுவான்.
சோற்று டப்பாவைத் திறந்தபடி நான் கேட்பேன்.

அவனுக்குச் சொல்லத் தெரியாது.
"அழுதா."
யாரு?
"அவதான். அப்புறம் மாமியாரும்."
எதுக்கு?
"தெரியல. மியூசிக் போட்டாங்க."
பச்சைப் புடவையா அரக்கா என்றால்
"புடவைதான்" என்பான்.
திடுக்கிட்ட முகங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினால்
எத்தனை தடவை என்று மட்டும் சரியாய்ச் சொல்வான்,
தக்காளிப் பெட்டி எண்ணிப் பழகியவன்.

அந்தப் புதன்கிழமை மழை.
ஆலையில் ஜெனரேட்டர் ஓடியது.
தகரக் கூரைச் சத்தத்தில்
ஒரு காதை அடைத்துக்கொண்டு கேட்டேன்.
அன்றைக்கு அவன் நிறுத்தவே இல்லை.

மிருதுளா அழவில்லையாம்.
மாமியார் கத்திக்கொண்டிருக்கும்போதே
கை கழுவி, முந்தானையில் துடைத்து,
கட்டைப்பையில் இரண்டு துணியை வைத்து,
கேட்டைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு
ஓசூர் பஸ் ஏறிவிட்டாளாம்.
ஜன்னலோர சீட்டாம்.
டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தபோது
வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றாளாம்,
மிளகாய்த்தூள் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி.

மிருதுளாவுக்குக் காரம் ஆகாது.
நாற்பதாவது எபிசோடிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்.
அது எனக்கு உறைத்தது.
ஆனாலும் மணி அடிக்கும்வரை
அந்தப் பஸ்ஸில்தான் இருந்தேன்.

மறுநாள் மேசையில் நான் ஆரம்பித்ததும்
கெம்பம்மா கத்தியை நிறுத்தினாள்.
"எந்த சேனல்டி பார்த்தான் உன் ஆளு?
நேத்து முழுக்க பூஜை ரூம்ல
அழுதுட்டுதானே இருந்தா."
"பார்த்தானா?" என்றாள் நாகவேணி.
"உங்க தெருவுல கரண்டே இல்ல.
ஏழு மணிக்கே புளியமரம் விழுந்து கம்பி அறுந்துச்சே."

மேசை முழுக்கச் சிரிப்பு.
சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
கையிலிருந்த கொட்டை வழுக்கி ஈரத் தரையில் ஓடியது.

அப்புறம் வெகுநேரம் கத்திச் சத்தம்தான்.
நான்கு கூடை தீர்ந்திருக்கும்.
எதிரே பார்க்காமலே கெம்பம்மா கேட்டாள்:
"ஜன்னல் சீட்டா கெடச்சுது, அவளுக்கு?"

இரவு ஒன்பதேகால்.
"அழுதா" என்றான்.
சரி, என்றேன்.
"மாமியார் அழல. ஏழு தடவை முகம் காட்டினாங்க."
சரி. அது கெடக்கட்டும்.
எங்க எறங்கினா?
"யாரு?"
பஸ்ஸுல போனவ.

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.
இந்தப் பக்கம் லாரியிலிருந்து காய் கொட்டினார்கள்.
தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னும் எறங்கல.
சூளகிரிகிட்ட பாலம் வேலை நடக்குதாம்.
பஸ் நிக்குது.
நீ சாப்பிடு."