எது எது

நெல்லித்தோப்புக் கடையில் சவரிராயன்
ஒரே பையில் இரண்டைக் கட்டித் தந்தார்.
"ஒண்ணு கிரீன் டெரர், ஒண்ணு ப்ளூ அகாரா.
எது எதுன்னு எனக்கே தெரியாது. வளரட்டும்."

வளர்ந்தன.
கன்னத்தில் அதே நீலக் கிறுக்கல்,
விலாவில் அதே கறுப்புப் பொட்டு.
டார்ச்சோடு மண்டியிட்டேன்:
செதிலுக்கு நடுவில் கறுப்பா, ஓரத்தில் கறுப்பா?
வால் விளிம்பில் வெள்ளைக் கரை?
நேற்று ஒன்றுக்கு இருந்தது, மயிரிழையாய்.
இன்று
அந்த ஒன்று எதுவென்று தெரியவில்லை.

முத்தியால்பேட்டையில்
என்னையும் தம்பியையும் மாற்றிக் கூப்பிடாத
வாய் கிடையாது.
என் சட்டையைப் போட்டுக்கொண்டு
தொட்டியருகே வந்தான்.
இரண்டும் கல்லுக்குப் பின்னே போய்விட்டன.

நான் குனிந்தேன்.
கண்ணாடியில் வந்து முட்டின,
வாயைத் திறந்து திறந்து,
புழு கேட்டு.