ஓர்

வெளிச்சப் பெட்டிக்குள் இரண்டு துண்டுத் துணி.
ஒன்று, வாங்குகிறவன் அனுப்பிய மாதிரி.
மற்றது, நேற்றிரவு நான் சாயம் ஏற்றியது.
பகல் விளக்கில் இரண்டும் ஒரே நீலம்.
விசையை நகர்த்திக் கடை விளக்கைப் போட்டால்
என்னுடையது மட்டும் சிவப்படிக்கும்.
மஞ்சள் விளக்கில் இன்னும் மோசம்.
லேபில் இதற்கொரு பெரிய பெயர் உண்டு.
வீட்டில் கேட்டால்
"ஏமாத்துற நெறமுங்க" என்று முடித்துவிடுவேன்.

வியாழன் இரவுகளில்
அவிநாசி சாலை நூல் கிடங்கின் மாடியில்
கபாலா படிக்கிறோம், ஒன்பது பேர்.
குரு என்று யாருமில்லை.
முறைக்கிணற்றுத் தண்ணீர்போல
ஆளுக்கொரு பக்கம், முறை வைத்து.
ஜெராக்ஸில் ஓரத்து எழுத்து பாதி விழவில்லை.
பல்லடத்து ஓமியோபதி டாக்டர் பொங்கியண்ணன்
விழாததையும் தானே நிரப்பி வாசிப்பார்.

பாத்திரத்துக்கு எபிரேயத்தில்
கிளி என்று வந்த அன்று
எல்லாரும் சிரித்துவிட்டோம்.
பெறத் துடிக்கும் ஆசைதான் பாத்திரம்
என்று அடுத்த வரி.
கோயில் வாசலில் சீட்டெடுக்கும் கிளி
ராஜா சீட்டோ ராகு சீட்டோ,
எதை எடுத்தாலும்
அதன் கண் நெல்மணியில்தான் என்று
அப்புறம்தான் தோன்றியது.
என் சிரிப்பு அங்கே நின்றது.

வெளிச்சத்துக்கு அவர்கள் சொல், ஓர்.
நம்மிடம் அது தனியே நிற்காத சொல்.
ஓர் ஊர், ஓர் ஆள், ஓர் இரவு.
பின்னால் ஏதாவது வந்து தாங்கினால்தான்
அதற்கு வாழ்வு.

செவ்வாய்க்கிழமை நாற்பத்தோராம் லாட்
அறுநூறு கிலோவும் திட்டுத்திட்டாய் வந்தது.
உப்பு அளந்தவன் தபன்.
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
டையிங் மாஸ்டர் சென்னியப்பன்
கேட்டது பொதுவாகத்தான்: "யாரு பாத்த வேலைங்க இது?"
"நானுங்க. அளவு தப்பா எழுதிட்டனுங்க."
மூவாயிரம் பிடித்தார்கள்.
நொய்யல் பாலத்தில் வண்டி ஓட்டி வரும்போது
உடம்பு பஞ்சாக இருந்தது.
திருத்தம் தொடங்கிவிட்டது,
இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

புதன்கிழமை தபன் உப்பு மூட்டை இறக்கினான்.
என்னைப் பார்க்கவில்லை.
டீ நேரத்தில் நானே அவன் பக்கம் போனேன்,
தேவையில்லாத ஒரு வாளியைத் தேடுகிறவளாக.
வாளியை எடுத்துக் கொடுத்தான்.
அவ்வளவுதான்.
வாளியோடு திரும்பி நடக்கையில்
'நன்றி கெட்ட பய' என்று
வாய்க்குள் ஒரு சொல் உருண்டது.
என் குரல்தான்.
செவ்வாய்க்கிழமை 'நானுங்க' என்று சொன்ன
அதே குரல்.

மறுநாள் இரவு என் முறை.
பெறுவதற்காகவே கொடுப்பது பற்றிய பக்கம்
எனக்கென்றே வந்து விழுந்தது.
திருத்தம் என்பதற்கு அங்கே திக்குன் என்றிருந்தது.
திக் என்று வந்து நின்றேன்.
மறுபடி திக்.
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"திக்குனாப் பரவால்லீங்க," என்றார் டாக்டர்,
"அதும் அதுலதான் சேத்தி."
யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
வாசித்து முடித்துத் தாளைப்
பக்கத்து ஆளிடம் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை காலை
தராசுக்கு முன்னால் தபன்.
"சரியா, அக்கா?"
இரண்டு கிலோ கூட இருந்தது.
சொன்னேன். கையால் அள்ளி எடுத்தான்.
கைவிரலில் ஒட்டிய உப்பை
லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.
நான் அவன் முகத்துக்காகக் காத்திருக்கவில்லை.

காத்திருக்கவில்லை என்பதை
உடனே கவனித்தேன்.
கவனித்ததும் உள்ளே ஒரு கிளி
சிறகைக் கோதிக்கொண்டது.

லேபுக்கு வந்தேன்.
பெட்டிக்குள் அதே இரண்டு துண்டு,
பகல் விளக்கில், இணைபிரியாத நீலம்.
விசையை அடுத்த விளக்குக்கு
நகர்த்தினேன்.