வீடு திரும்பும் இருபத்தாறு நிமிடம்

ஒஷாவாவில் ஒரு பல் வைத்தியரின் அறைக்கு மேலே
இரண்டாம் மாடி.
கதவில் ஜோசலின் பெக் என்று பெயர்.
அதன் கீழே சின்ன எழுத்தில் விளையாட்டு உளவியல்.
அதற்கும் கீழே, மணித்தியாலம் நூற்றி எண்பது டொலர்.
முதல் நாள் நான் வாசித்தது அந்தக் கடைசி வரியைத்தான்.

மகள் உள்ளே. நான் வெளியே,
சப்பாத்திலிருந்து உருகும் பனி
மிதியடியைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி.
கை முறிந்தால் பத்துப் போடலாம், சரி.
பதினைந்து வயதுப் பிள்ளைக்குப்
பேசுவதற்கு ஒரு ஆள் எதற்கு?
வீட்டில் நாங்கள் என்ன ஊமையா?

ஐஸ் ஹொக்கி அணியில் ஆரபி கோல்கீப்பர்.
மார்கழியில் விட்பியோடு ஆட்டம்.
நடுக்கோட்டிலிருந்து யாரோ சும்மா தள்ளிவிட்ட வட்டு
வழுக்கி வழுக்கி வந்து
அவள் கால்களுக்கு நடுவே போனது.
கண்ணால் பார்த்துக்கொண்டே விட்டாள்.
அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு
கழிப்பறையில் சத்தி.
எங்களுக்குக் கேட்கக்கூடாதென்று
குழாயைத் திறந்துவிட்டு எடுப்பாள்.
கேட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை.
இரவில் பாண் லொறி ஓட்டுகிறவன்,
கணக்கு எனக்குப் பழக்கம்.
எண்பது பக்கக் கொப்பி வாங்கிக் கோடு போட்டேன்.
இடப்பக்கம் பதினொன்று.
வலப்பக்கம் ஏழு.
கையுறைக்கு மேலே நாலு.
கால் நடுவே, சிவப்பு மையில், ஒன்பது.
எல்லாம் மனப்பாடம்.
ஆட்டம் முடிந்து 401 ஏறும் முன்பே
சொல்லத் தொடங்கிவிடுவேன்.
பின் சீட்டில் அவள்
ஹுடியை மூக்குவரை இழுத்துவிட்டிருப்பாள்.
குளிராக்கும் என்று
நான் ஹீட்டரைக் கூட்டுவேன்.

நாலாம் சந்திப்பில் ஜோசலின்
என்னையும் உள்ளே கூப்பிட்டார்.
ஆரபி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
குற்றம் சொல்லப்போகிறார் என்று
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.
கேட்டது ஒன்றுதான்:
ஆட்டம் முடிந்து வீடு போக எவ்வளவு நேரம்?

இருபத்தாறு நிமிடம், என்றேன் உடனே.
பனி கொட்டினால் நாற்பது.

நாற்பது என்றபோதுதான்
பிள்ளையின் முழங்கால் ஆடத் தொடங்கியதைக் கண்டேன்.

வேறொன்றும் என்னிடம் அவர் கேட்கவில்லை.
ஆரபியைத் தண்ணீர்ப் போத்தலை எடுக்கச் சொன்னார்.
கோல் விழுந்தால் இதை எடு,
மேலே பீச்சு,
ஒரே ஒரு துளியைக் கண்ணால் பிடித்துக்கொள்,
விழும்வரை அதையே பார்.
அவ்வளவுதானா?
நூற்றி எண்பது டொலருக்கு?
கம்பளத்தில் ஓர் ஈரப்பொட்டு.
நானும்தான் பார்த்தேன்.
ஒரு துளி விழ இவ்வளவு நேரம் எடுக்கும் என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாசி. பீட்டர்பரோ. ஆறுக்கு ஒன்று, தோல்வி.
ஆட்டத்துக்கு முன்பு சத்தி எடுத்தாள்தான்.
ஆனால் குழாயைத் திறக்கவில்லை.
ஆறு தரம் பீச்சினாள்.
ஐந்தாவது தரம் சிரித்ததுபோலவும் இருந்தது,
முகக் கம்பிக்குள்ளே சரியாகத் தெரியவில்லை.

அங்கிருந்து வீடு ஒரு மணித்தியாலம்.
கொப்பி டாஷ்போர்டுக்குள்தான் கிடக்கிறது.
எறிந்துவிட்டேன் என்றால் பொய்.
மூன்றாவது கோல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.
இடக்கால் பிந்திப்போச்சு,
போன கிழமையும் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்...
வாய் திறந்தே விட்டது.

முன்கண்ணாடி முழுக்க உப்பு.
பொத்தானை அழுத்தினேன்.
நீலத் தண்ணீர் பீச்சியடித்தது.
வைப்பர் எட்டாத மூலையில் ஒரு துளி
காற்று மேலே தள்ள, இறங்க வழியில்லாமல்
நடுங்கிக்கொண்டு நின்றது.
பாதையில் ஒரு கண், அதில் ஒரு கண்.
ஓரத்தால் அது ஓடிமுடியும்வரை.

அப்பா, என்ன?
ஒண்டுமில்லை. பசிக்குதா?

பதில் வரவில்லை.
பௌமன்வில் தாண்டிய பிறகு
ஹீட்டரைக் குறையுங்கோ, வேர்க்குது
என்றாள்.