ஒத்து

முதலில் அதைக் கண்டுபிடித்தது கருவியல்ல,
காபி.
ஸ்டூரேயின் கோப்பைக்குள்
வட்டத்துக்குள் வட்டமாய்ச் சிலிர்த்தது.
பிறகுதான் திரையில் முளைத்தது மலை:
நூற்றுப் பதினெட்டு ஹெர்ட்ஸ்.

ஃபின்ஸ்பாங்கில் ஜனவரி, மூன்று மணிக்கே இருட்டு.
கனத்த கண்ணாடிக்கு அப்பால் எரிகலனில்
நைட்ரஜன் ஆக்சைடு சட்டத்துக்கு அஞ்சி
எரிவாயுவைக் கிள்ளிக் கொடுத்து
மிச்ச வயிற்றைக் காற்றால் நிரப்பி
நாங்கள் வளர்த்த நீலச் சுடர்.
சுத்தமான சுடர்தான்.
பசித்ததற்குக் கால் தரிக்காது.

அது துள்ள, காற்று இறுகும்.
இறுகிய காற்று சுவரில் முட்டித் திரும்பி
அதை மறுபடி துள்ளவைக்கும்,
மிகச் சரியான நேரத்தில்.
கொஞ்சம் பிந்தி வந்திருந்தால்
ஒன்றையொன்று தின்று அடங்கியிருக்கும்.
இரண்டும் ஒத்து ஊதின.
பதினொரு வினாடி.
ஸ்டூரே அணைத்தபோது
என் பற்கள் இன்னும் அதே சுருதியில்.

திறந்து பார்த்தோம்.
தகட்டில் மயிரிழை விரிசல்.
கழன்ற திருகாணி ஒன்று
டர்பைன் இதழ்களைக் கடித்துக்கொண்டே போய்
வால்பக்கம் கிடந்தது. குன்வோர்
அதைக் கையுறையோடு எடுத்துப் பைக்குள் போட்டாள்.

திங்கட்கிழமைக் கூட்டம்.
'மாதக் கடைசியில் கப்பலேற்றலாம், இல்லையா?'
விற்பனைப் பிரிவு தலையாட்ட,
அதைப் பார்த்து வடிவமைப்பு ஆட்ட,
அதைப் பார்த்து நானும்.
குன்வோர் மறுத்துப் பேசவில்லை.
திருகாணியை மேசைமேல் உருட்டிவிட்டாள்.
அது நிற்கும்வரை யாரும் பேசவில்லை.

அவள் கேட்டது பதினாறு குடுவை.
கழுத்து சிறுத்த, உள்ளே ஒன்றுமில்லாத குடுவை.
சத்தம் நுழைந்து, திணறி,
தாளம் தப்பி வெளியே வரவேண்டும்.
கொள்முதல் படிவத்தில்
'உள்ளடக்கம்' என்ற கட்டத்தில்
'காற்று' என்று எழுதினாள்.
கணக்குப் பிரிவு இருமுறை திருப்பி அனுப்பியது.

மார்ச். ஏரியில் பனி விண்டுகொண்டிருந்தது.
சுடர் எழுந்தது. சுமை ஏற்றினோம்.
எழுபது சதம், எண்பது, தொண்ணூறு.
நூற்றுப் பதினெட்டில் மலை தேய்ந்து
புல்மேடாய்க் கிடந்தது.
யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.
குன்வோர் விரலை உயர்த்தினாள்:
இருநூற்று நாற்பதுக்கு மேலே
முன்பு இல்லாத ஒரு முளை,
அரிசியளவு.

பதிவேட்டில் நேரத்தைக் குறித்தேன்.
ஸ்டூரே ஒன்றும் சொல்லாமல்
தன் கோப்பையில்
விளிம்புவரை காபி ஊற்றிக்
கண்ணாடியோரம் நகர்த்தி வைத்தார்.