கால் வயிறு

தோலோன் கணவாயின் இரண்டாம் வளைவில்
வண்டி இருமியது.
மூன்றாவதில் நின்றேபோனது.

பின்னால் மூன்று பேர், முன்னால் ஒருவர்,
டிக்கியில் நாரின் நகரத்துத் தாய் யாரோ
பிஷ்கெக்கில் படிக்கும் மகனுக்கு அனுப்பிய
உருளைக்கிழங்கு மூட்டை.
சாவியைத் திருப்பினேன்.
எப்போதும் பின்னாலிருந்து வரும்
இரண்டு நொடி முனகல் வரவில்லை.
ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியது,
காலிப் பானையில் அகப்பையை உருட்டுவதுபோல.

"பல் டாக்டர் நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்"
என்றார் முன்னிருக்கை அக்மத்பெக்,
என்மேல் வழக்குத் தொடுப்பவர்போல.
இறங்கினேன். காலணியைக் கழற்றி
டேங்கின் அடிவயிற்றில் ஓங்கி நாலு.
சாவி.
முனகியது.
பிஷ்கெக் வரை எஞ்ஜினை அணைக்கவில்லை,
அவர்கள் தேநீர் குடிக்க இறங்கியபோதுகூட.

உதிரிபாகச் சந்தையின் பின்முற்றம்.
ரிலேயைப் பிடுங்கிவிட்டு
எஞ்ஜின் தானாகத் திணறிச் சாகட்டும் என்று ஓடவிட்டேன்;
இல்லையேல் குழாயில் தேங்கிய அழுத்தம் முகத்தில் பீய்ச்சும்.
பிறகு பேட்டரியின் கறுப்புக் கம்பி.
தரைவிரிப்பு, மூன்று திருகு, ஒரு மூடி.
வளையத்தைச் சுற்றிப் படிந்திருந்த புழுதியில்
எந்தெந்த ஊர் இருந்ததோ, துடைத்தெறிந்தேன்.
வளையம் மசியவில்லை.
இரும்பால் தட்டாதே என்று
நெடி சொன்னது.
மரக்கட்டை வைத்துத் தட்டினேன்.

முழங்கைவரை உள்ளே விட்டேன்.
கடிக்கிற குளிர்.
வெளியே வந்தது என் கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் உருளை,
அடியில் தேயிலைக் கசட்டு நிறத்தில்
ஒரு சல்லடைக் காலுறை.

கடைக்காரன் எசென்குல் அதை ரம்பத்தால் அறுத்தான்.
நான் கேட்கவில்லை. ஆர்வம் அவனுக்கு.
செம்புச் சுருள் கருகிக் கிடந்தது.
முகர்ந்து பார்த்தான்.
"நீ டேங்க்கை நிரப்புவதே இல்லை, அப்படித்தானே?"

காது சிவந்தது எனக்கு.
நாலு பேர் நடுவில்
நேற்று சாப்பிட்டாயா என்று கேட்டதுபோல.

"இது பெட்ரோலில் முங்கிக் கிடக்க வேண்டியது, அக்கா.
அள்ளிக் கொடுப்பதும் அதை, குளிர்வதும் அதில்.
நீ கால் வயிற்றோடு ஓட்டினால்
அள்ளிக் கொடுத்துக்கொண்டே வேகும்."

நாரினில் ஐந்நூறு சோமுக்கு.
கோச்கோரில், யாராவது இறங்கிக் காசு தந்தால்,
இன்னோர் ஐந்நூறு.
தோக்மோக்கில் மிச்சம்.
இந்த வண்டியின் மேலேயே வாங்கிய கடனுக்கு
மாதம் பத்தொன்பதாயிரம்.
ஆறு வருடம் ஊசி சிவப்புக் கோட்டோடு குடித்தனம் நடத்தியது.
அன்றாடங்காய்ச்சி நான்.
அன்றாடம் காய்ந்தது அது.

சில்லறையாக வாங்கினாலும் லிட்டருக்கு அதே விலைதான்.
ஆனாலும் சில்லறையாக வாங்குகிறவள்
கூடவே ஒன்றைக் கொடுக்கிறாள்,
ரசீதில் வராது.

புது ரப்பர் வளையத்தில் துளி பெட்ரோல் தடவி,
மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்துச் சாய்த்து இறக்கினேன்.
எசென்குல் பற்றவைக்காத சிகரெட்டை
உதட்டில் தொங்கவிட்டபடி பார்த்திருந்தான்.
சாவி.
இரண்டு நொடி,
பக்கத்து அறையில் யாரோ மூச்சு விட்டதுபோல்.

வங்கிக்கென்று மடித்து வைத்த தாள்களில்
டேங்க்கை நிரப்பினேன்.
நிரம்பினால் குழாய் முனை 'டக்' என்று
தானே நின்றுகொள்ளும் என்பது
பங்க் பையன்களுக்குத் தெரிந்திருந்தது.
எனக்கு அன்றுதான் தெரியும்.

திரும்பும் வழியில் பின்பக்கம் கனத்தது.
வளைவுகளில் எண்பது லிட்டர்
என்னைக் கேட்காமல் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.
ஆறு வருடம் அந்த முனகலை மூட
வானொலியைக் கத்தவிட்டிருந்தேன்.
அணைத்தேன்.

அப்போது, இடது முன்சக்கரத்தில்,
கர்ர்ர் என்று
ஒரு மெல்லிய அரைப்பு.

"அது என்ன?" என்றார்
மரத்துப்போன பாதி வாயால் அக்மத்பெக்.
"பேரிங்."
"எப்போதிலிருந்து?"
"தெரியாது," என்றேன்.
"இன்றைக்குத்தான் கேட்கிறது."